கெடுதல்

ஒன்பதாம் வகுப்பில் புணர்ச்சி விதி நடத்தியபோது
கடைசி பெஞ்சு சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது.
மரம், வேர். சேர்ந்தால் மரவேர்.
கெட்ட மகரம் எங்கே போனது
என்று நான் கேட்டேன்.
வெளியே நிற்கச் சொன்னார்கள்.

இப்போது நிற்பது பெங்களூரில்,
யஷ்வந்தபுரம் பக்கம், மூன்றாம் மாடியில்,
ஆர்கான் சிலிண்டருக்குத் துணையாக.
இங்கேயும் அதே பாடம்.
ஒருத்திக்கு இரு கையிலும் புரோமின்.
இன்னொருத்திக்கு இரு கையிலும் போரான்.
இரண்டும் உதிர்ந்தால்தான் கார்பனைக் கார்பன் தொடும்.
தானாக உதிராது.
ஒரே குடுவையில் நூறு வருடம் போட்டுவைத்தாலும்
பேசாமல் கிடக்கும்.

நடுவில் பல்லேடியம் வேண்டும்.
மத்திகெரேயில் எனக்கு அறை பிடித்துத் தந்த
முனிராஜு மாதிரி:
இந்தக் கையில் வீட்டுக்காரர், அந்தக் கையில் நான்,
சாவி மாறியதும்
ஸ்கூட்டர் அடுத்த தெருவில் கேட்டது.
முனிராஜு ஒரு மாத வாடகை வாங்கினார்,
அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதல் முறை, முழுதாகக் காயாத பொடியை எடைபோட்டுவிட்டேன்.
ஒட்டியிருந்த ஹெக்சேனும் கணக்கில் ஏறியது.
நூறுக்குத் தொண்ணூறு.
மூன்று நாள் தொண்ணூறு டிகிரியில் கொதித்து
பத்தொன்பது கண்ணியோடு நின்றுபோனது சங்கிலி.
வந்த எல்லோரும் இடக்கையையே நீட்டினால்
யார் கையை யார் கோப்பது?

இரண்டாம் முறை சனிக்கிழமை ராத்திரி
ஆர்கான் தீர்ந்தது.
புது சிலிண்டரோடு நயாஸ்
கொரகுண்டெபாளையா மேம்பாலத்துக்குக் கீழே
ஒரு மணி நேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
அதற்குள் காற்று நுழைந்துவிட்டது.
குடுவைச் சுவரெல்லாம் கரி.
பல்லேடியத்தின் பிணம் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாவதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்குப் பயம்.
மெத்தனாலில் சொட்டச் சொட்ட
மஞ்சள் சேமியாவாக இறங்கியது.
விளக்கை அணைத்து
புற ஊதாவைப் பிடித்தாள் ஹேமலதா.
பச்சை.
வாழைக் குருத்துக்குள் யாரோ டார்ச் அடித்த பச்சை.
'எந்தா பண்ணா!' என்றாள்.
வண்ணத்தின் வகரம்
அவள் வாயில் பகரமாகத் திரிந்திருந்தது.

ஒற்றைப் பிணைப்பு, இரட்டை, ஒற்றை, இரட்டை.
இந்தத் தெருவில் எலக்ட்ரானுக்குத் தனி வீடு கிடையாது.
முழுத் தெருவும் அதனுடையது.
இதை வடிதாளில் பூசி
ஏரித் தண்ணீரில் நனைத்துப் பார்க்கவேண்டும்.
கரைந்த வெடிமருந்துக் கசடு
எங்கோ ஒரு கண்ணியைத் தொட்டால் போதும்,
சங்கிலி முழுக்க அணைந்துவிடும்.
ஆமாம், அணைவதுதான் இதன் வேலை.
அப்படி அணையத்தான் இத்தனை நீளம்.
இதை அம்மாவிடம் போனில் சொன்னேன்.
'எரியற மாதிரி ஒண்ணு பண்ணக்கூடாதா' என்றாள்.

குல்கர்னி மேடம் கேட்டது வேறு:
'உல்கா, பல்லேடியம் எவ்வளவு மிச்சம்?'
(உலகம்மை என்று சேர்ந்தேன்.
ஒரே வாரத்தில் பின்பாதி உதிர்ந்தது.
உல்கா என்றால் எரிகல்லாம்.
சரி, இருக்கட்டும்.)
பத்து லட்சத்தில் நூற்றெண்பது பங்கு, மேடம்.
எத்தனை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.
முனிராஜுவும்தான்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து
'மேடம், பேரே மனே பேக்கா?'

கிடைத்த பாலிமர் இருநூற்றுப் பத்து மில்லிகிராம்.
நகத்தின் மேல் வைத்தால் ஊதிவிடலாம்.
உதிர்ந்த புரோமின், உதிர்ந்த போரான்,
கழுவிய தண்ணீர் எல்லாம்
நீலக் கேனில்.
மகரம் போன இடம்.
பன்னிரண்டு கிலோ.
லிஃப்ட் ஓடவில்லை.
நானும் ஹேமலதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து
படிக்குப் படி வைத்து வைத்து
இறக்கினோம்.